றீற்றாவுக்கு எந்த வகுப்பு?

போன மாசி மாதம் பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்சாதியும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். மொன்றியலுக்குப் பக்கத்தில் இந்தக் கர்க்லாண்டில், அந்தப் பனிக்குள் அயலவர் கதவைத் தட்டினால் ஒன்று கார் புதைந்திருக்கும், இல்லை யாருக்கோ சுகமில்லை. இது இரண்டும் இல்லை. மகள் அடுத்த வருடம் எந்தக் கணிதம் எடுப்பது என்று இரண்டு பேருக்கும் சண்டை. திரையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. எந்தப் பெட்டி என்பதுதான் வழக்கு.

"அன்ரி, நீங்கள் பள்ளிக்கூடத்தில வேலை செய்தனீங்கள்தானே. பிள்ளையைப் போட்டு உழக்க வேண்டாமெண்டு இவருக்கு ஒருக்கா சொல்லுங்கோ."

"நான் எங்க உழக்கினனான்? கதவைப் பூட்டிப்போடாதை எண்டுதானே சொல்லுறன்."

மகள் எங்கே என்று கேட்டேன். வீட்டில் போனில் இருக்கிறாளாம். "படிக்கப்போறவளை வீட்டில விட்டிட்டு என்னட்டை வந்து என்ன கேள்வி?" என்று ஏசினேன். ஏசிவிட்டு ஒரு மணித்தியாலம் நானே கதைத்தேன். அதுதான் என் குணம். தேநீர் ஆறிப்போயிற்று. போகும்போது அந்தத் தகப்பன் பொடியன், "இதையெல்லாம் எழுதி வையுங்கோ அன்ரி, எங்களைப்போல ஆக்களுக்கு உதவும்" என்றான்.

எழுதுகிறேன். ஆனால் எந்தக் கணிதம் நல்லது என்று எழுதப்போவதில்லை. அதைக் கேட்டு வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு எழுத இருப்பது ஒரு பிள்ளையைப் பற்றி.

நான் பதினான்கு வருடம் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலை செய்தேன். தமிழ்ப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் வேலை. இங்கே குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்கவேண்டும் என்பது சட்டம். தாய் தகப்பனுக்கோ ஆங்கிலமே தட்டுத்தடுமாறித்தான். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் பிள்ளையே வாசித்து, பிள்ளையே பொருள் சொல்லி, தனக்கு வசதியான இடத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போகிற காலம் அது. அதைத் தடுக்கத்தான் என்னை எடுத்தார்கள்.

எனக்கு இதற்கென்று படிப்பு ஒன்றும் இல்லை. மன்னாரில் சின்ன வகுப்பு ரீச்சராக இருந்தேன். இங்கே வந்து ஆறு வருடம் ஜான்-டலோன் சந்தையில் தக்காளியும் கத்தரிக்காயும் விற்றேன். என் பிரெஞ்சு அங்கே கூவிப் படித்த பிரெஞ்சு. நேர்முகத்தில், பெற்றோர் கோபமாகப் பேசினால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் தக்காளி விற்றுப் பார்த்தால் கோபம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்றேன். சிரித்து வேலை தந்தார்கள். பயிற்சி இரண்டு நாள். மிச்சமெல்லாம் மதாம் ஜெர்வே.

மதாம் ஜெர்வே என் மேலதிகாரி. பிள்ளைக்கு எந்தப் பாடம், எந்த மட்டம், பிறகு என்ன தொழில் என்று வழிகாட்டும் ஆலோசகர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையாக வெட்டிய தலைமயிர், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, காதில் எந்நேரமும் ஒரு பென்சில். பாடத் தெரிவுத் தாளில் அவர் எல்லாவற்றையும் பென்சிலால்தான் எழுதுவார். பேனா மேசை லாச்சிக்குள் கிடக்கும். பெற்றோர் கையொப்பத்துக்கு மட்டும் அது வெளியே வரும். பெற்றோரை மேசைக்கு எதிரே இருத்தமாட்டார். கதிரையைத் தன் பக்கம் இழுத்துப்போட்டு, தாளை எல்லோருக்கும் நேராகத் தெரியும்படி வைப்பார். பேசும்போது என்னைப் பார்க்கவே மாட்டார். தாயைப் பார்த்துத்தான் பேசுவார், தாய்க்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும்.

அந்தத் தாள் ஒவ்வொரு மாசியிலும் வரும். ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைக்கும் ஒவ்வொரு நிறம். கணிதத்துக்கு ஒரு பெட்டி, கலைப்பாடத்துக்கு ஒரு பெட்டி. அந்த நாளில் கத்தோலிக்க மறைக்கல்வியா ஒழுக்கக்கல்வியா என்றும் ஒரு பெட்டி இருந்தது. திருகோணமலை ஐயா ஒருவர், நல்ல சைவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து மறைக்கல்விக்குப் புள்ளடி போட்டார். நான் விளக்கினேன். "விளங்குது பிள்ளை. ஏதோ ஒரு சாமியைப் பற்றிப் படிக்கட்டும். வீட்டில மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். நான்காம் வருடக் கணிதம் மூன்று மட்டம், மூன்றுக்கும் இலக்கம். நானூற்றுப் பதினாறு, இருபத்தாறு, முப்பத்தாறு; இலக்கம் கூடக் கூடக் கணக்கும் கடினம். பஸ் நம்பர் கேட்பதுபோல என்னிடம் கேட்பார்கள்: "பிலோ அக்கா, டொக்டருக்கு எது போகும்?"

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மதாமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு மட்டக்களப்புத் தகப்பன் மகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அவள் நாலு வயதில் கடையில் மிச்சக்காசு எண்ணினது, முகாமில் கரித்துண்டால் நிலத்தில் கணக்குச் செய்தது, எல்லாம். நான் மதாமிடம் திரும்பி, "மகளுக்கு விஞ்ஞானம் வேண்டுமாம்" என்றேன்.

மதாம் பென்சிலைக் காதில் செருகினார். "அவர் பத்து நிமிடம் பேசினார். நீ ஒரு வரி சொல்கிறாய். மிச்சம் எங்கே?"

"மிச்சம் சும்மா கதை, மதாம்."

"அந்தச் சும்மா கதையில்தான் அவருடைய பிள்ளை இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டு, திரும்பச் சொல்லச் சொல்."

எனக்கு முகம் சிவந்துபோயிற்று. திரும்பக் கேட்டேன். அந்த மனுஷனுக்குப் பெரிய சந்தோஷம். இந்த முறை பதினைந்து நிமிடம் சொன்னார்.

மதாமிடம் இன்னொரு சட்டம் இருந்தது. இது பள்ளிச் சட்டமல்ல, அவருடைய சொந்தச் சட்டம். பெற்றோர் வாயிலிருந்து ஒரு கேள்வியாவது வரவேண்டும். வராவிட்டால் லாச்சி திறக்காது, பேனா வராது. எங்கள் சனத்துக்கு இது பெரிய வில்லங்கம். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் சொன்னால் சொன்னதுதான். "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ மிஸ், எங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக் கையொப்பம் போட்டுவிட்டு எழும்புவதுதான் நாங்கள் ஆசிரியருக்குக் கொடுக்கிற மரியாதை. மதாமுக்கு அது மரியாதையாகப் படவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஓடுவதுபோல அவருக்குப் பட்டது. பாதிப் பேர் கடைசியில் "பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டுத் தப்பினார்கள். அதையும் கேள்வியாக எடுத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் பார்த்து விளக்கமாகப் பதில் சொல்லுவார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய கரைச்சல். வரிசையில் பத்துப் பேர் நிற்க, உள்ளே ஒருவர் கேள்விக்கு முழிசிக்கொண்டு இருப்பார். "உங்கட மதாமுக்கு வேற வேலை இல்லையே" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஸ்டெல்லா வந்தது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு ஐந்து வருடத்துக்குப் பிறகு. ஹோட்டல் துணி துவைக்கும் தொழிற்சாலையில் வேலை. புருஷன் அருள் டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றார். எங்கள் கத்தோலிக்கக் கோவிலில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் கண்டிருக்கிறேன். அதிகம் கதைக்காத மனுஷி. ஒரே மகள். பள்ளிப் பதிவில் பெயர் மேரி ஜசிந்தா, வீட்டில் கூப்பிடுவது றீற்றா. இதில் நான் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எங்கள் சனத்தில் பத்திரப் பேர் ஒன்று, வீட்டுப் பேர் ஒன்று இல்லாத ஆள் யார்? பிலோமினா ஆகிய நான் என் வீட்டில் இன்றைக்கும் பேபி.

அந்தப் பிள்ளை புதிதாக வந்தவர்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் வரவேற்பு வகுப்பில் ஒன்றரை வருடம் இருந்து முடித்துவிட்டாள். இனி எந்த வகுப்புக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று சோதனைத் தாள், மற்றது வயது. பதிவின்படி அவளுக்கு வயது பதினைந்தரை. சோதனையில் முதலாம் வருடக் கணிதம் முழுக்கச் செய்திருந்தாள், இரண்டாம் வருடத்தில் பாதி. அந்த வயதுப் பிள்ளை நான்காம் வருடத்தில் நிற்கவேண்டும். அப்படியென்றால் வயதுக்கு இரண்டு வருடம் பின்னால். இரண்டு வருடம் பின்னால் நிற்கிற பிள்ளையைத் தனிவழி வகுப்புக்கு அனுப்புவது அந்தப் பள்ளியின் வழக்கம். சின்ன வகுப்பு, மெதுவான பாடம், விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை. சில பிள்ளைகளுக்கு அது உண்மையாகவே நன்மை செய்தது. ஆனால் அதற்குள் போனவர்கள் வழமையான வகுப்புக்குத் திரும்பி வந்ததை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். பதினாறு முடிந்ததும் ஏதாவது கைவேலைப் பயிற்சிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் பள்ளியை விட்டுவிடுவார்கள்.

மதாமுக்கு அந்தச் சோதனைத் தாள் பிடிபடவில்லை. இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிலோமினா, இங்கே பார். பின்தங்கிய பிள்ளையின் தாளில் ஓட்டைகள் இருக்கும். பின்னம் தெரியும், சதவீதம் தெரியாது. ஒரு பக்கம் சரி, அடுத்த பக்கம் வெறுமை. இதில் ஓட்டையே இல்லை. ஓரிடம்வரை எல்லாம் சுத்தமாக வந்திருக்கிறது, அந்த இடத்தில் நின்றுவிட்டது."

"போர் நடந்த இடம் மதாம். பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்திருக்காது."

"அப்படியென்றால் ஓட்டை இருக்க வேண்டுமே" என்றார்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டோம். மதாம் கதிரையை இழுத்துப் போட்டார், தாளை விரித்தார், தனிவழி வகுப்பு என்றால் என்னவென்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். ஸ்டெல்லா மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நீங்கள் பாத்துச் செய்யுங்கோ" என்றாள்.

"உங்களுக்குக் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்றார் மதாம்.

இல்லை என்று தலையாட்டினாள். மதாம் காத்திருந்தார். நான் குனிந்து, "ஏதாவது கேளுங்கோ பிள்ளை, பஸ்ஸைப் பற்றியெண்டாலும்" என்று முணுமுணுத்தேன். அது என் வேலைச் சட்டத்துக்குப் பிழை, செய்தேன். அவள் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் தாளில் வயது எழுதியிருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் மதாம், "அடுத்த கிழமை வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த கிழமையும் வந்தாள். அதே கதிரை, அதே தாள். நான் ஒன்றும் சொல்லமுதல் அவளே கேட்டாள்.

"இவளுக்கு வயது பதின்மூண்டரை எண்டு வைச்சால், எந்த வகுப்பு?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வெளியே ஒன்பது பேர் நிற்கிறார்கள். "இதென்ன விசர்க் கேள்வி? வயது வயதுதானே!" என்று தமிழில் பாய்ந்தேன்.

"அவர் என்ன கேட்டார்?" என்றார் மதாம்.

சொன்னேன். மதாம் பென்சிலை மேசையில் வைத்தார். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஸ்டெல்லாவை நேரே பார்த்து, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, எனக்கு மொழிபெயர்க்க நேரம் விட்டுச் சொன்னார்.

"‘என்று வைத்தால்’ என்று கேட்கிற எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்வேன். பதின்மூன்றரை என்றால் நாளைக் காலையே செகண்டரி இரண்டு, அதாவது இரண்டாம் வருடம். வழமையான வகுப்பு. உங்கள் மகள் பின்தங்கவில்லை, சரியான இடத்தில் இருக்கிறாள் என்று எழுதுவேன். ஆனால் தாளில் இருக்கிற வயதை வைத்துத்தான் நான் எழுதலாம்."

ஸ்டெல்லா மஃப்ளர் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, "தாளை எப்ப தரவேணும்?" என்று கேட்டாள். மூன்று கிழமை இருந்தது. கையொப்பம் போடாமல் எழும்பிப் போனாள்.

நான் பின்னால் போனேன். மாணவர் லொக்கர்கள் நிற்கும் நடையில், பாட நேரமானதால் ஒருவரும் இல்லை. சுவரில் சாய்ந்து நின்று சொன்னாள்.

ஜசிந்தா அவளுடைய மூத்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் பிறந்து, முறையாகப் பிறப்புப் பதிந்த பிள்ளை. இரண்டு வருடம் கழித்து, இடம்பெயர்ந்து ஒரு கோவில் வளவில் முகாமில் கிடந்தபோது றீற்றா பிறந்தாள். பதிகிற கந்தோர் மூடிக்கிடந்தது. அடுத்த வருடம் காய்ச்சல் வந்து மூத்தவள் மூன்று வயதில் போய்விட்டாள். கோவிலுக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். கன வருடம் கழித்து வெளிநாடு வரப் பத்திரம் கேட்டபோது, பையில் ஒரேயொரு பிறப்புச் சான்றிதழ்தான் இருந்தது.

"இருந்தது அதுதான் அக்கா. அதைத்தான் குடுத்தம். சின்னவள் பெரியவளாய் வந்தாள்."

இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கம். நான் முதலில் சொன்னது ஆறுதல் இல்லை. "ஏன் இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை? பிள்ளையின்ர படிப்பெல்லோ!" என்று ஏசினேன்.

"ஆரிட்ட அக்கா சொல்லுறது? பேப்பரைத் தொட்டா மூண்டு பேரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு இவர் சொல்லுறார். அதோட..." என்று நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "அதோட, ரீச்சர்மார் ஜசிந்தா ஜசிந்தா எண்டு கூப்பிடேக்க, பெரியவளும் எங்கயோ படிச்சுக்கொண்டு திரியிறாள் எண்டு எனக்கு ஒரு ஆறுதல். அதை நான் என்ர கையால எடுத்துப்போட வேணுமே?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்த நடையில் நின்று அழுதேன். மணி அடித்து, பிள்ளைகள் வரப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிந்தோம்.

அன்றைக்கு வேலை முடிந்து போகும்போது நான் யோசித்துக்கொண்டு நின்று நான்கு பஸ்ஸைத் தவறவிட்டிருப்பேன். மொழிபெயர்க்கிறவள் புத்தி சொல்லக்கூடாது. கேட்ட இரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது. இரண்டிலும் கையொப்பம் போட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். மதாமிடம் சொன்னால் ஸ்டெல்லாவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தனக்கு இல்லாத வயதுக்குத் தண்டனை அனுபவிப்பாள். கடைசியில் ஒரு கள்ளவழி கண்டுபிடித்தேன். கிழமை நாளில்தானே நான் மொழிபெயர்ப்பாளர். ஞாயிற்றுக்கிழமை நான் பிலோ அக்கா.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் ஸ்டெல்லாவைப் பிடித்தேன். "சின்னவளுக்கு ஞானஸ்நானம் ஆர் குடுத்தது?"

"முகாமில இருந்த சுவாமிதான்."

"எழுதினவரோ?"

"பெரிய கொப்பி ஒண்டில எழுதினவர். பெரியவளை அடக்கம் செய்யேக்கையும் அதில..."

"பேந்தென்ன! கந்தோர் மூடிக்கிடந்தா என்ன, சுவாமிமார் எழுதுறதை விடமாட்டினம். அந்தக் கோவிலுக்கு எழுதி ரெண்டு பக்கத்தின்ர பிரதியையும் எடுப்பிப்பம். சட்ட உதவியில ஒரு வழக்கறிஞர் பெண் இருக்கிறா, ஆக்களை உறுக்காமல் கேக்கிறவ. அவவிட்ட போவம்."

"இவர் விடமாட்டார் அக்கா."

"இவரை நான் பாக்கிறன்" என்றேன். என் துணிச்சல் எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் வாய் சொல்லிவிட்டது.

அன்று மத்தியானமே அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அருளுக்கு விடுமுறை. கையெல்லாம் அடுப்புச் சுட்ட தழும்பு. விஷயத்தைச் சொல்ல, மரியாதைக்குத்தான் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார்.

"பிலோ அக்கா, உங்களுக்கென்ன, உங்கட பேப்பரெல்லாம் சரி. ஒரு கணக்குப் பாடத்துக்காக எங்கள் மூண்டு பேரையும் பிளேனில ஏத்தப் பாக்கிறீங்களோ?"

"ஏத்தமாட்டினம் எண்டு நான் சத்தியம் பண்ணேல்லை தம்பி. கேட்டுப் பாப்பம் எண்டுதான் சொல்லுறன்."

"கேக்கப் போய்த்தானே எல்லாரும் மாட்டுப்பட்டவை. தனிவழி எண்டா என்ன? அதுவும் பள்ளிக்கூடம்தானே. பிள்ளை உயிரோட இருக்கிறாள், எனக்கு அது காணும்."

அந்த மனுஷன் தன் கையால் ஒரு பிள்ளையைப் புதைத்தவர். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். அப்போதுதான் அறைக் கதவு திறந்தது. றீற்றா. பதினைந்து வயது என்று எப்படி நம்பினேன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. என் தோளுக்கும் வரமாட்டாள். கையில் கணக்குக் கொப்பி.

"அப்பா, வகுப்பில எல்லாருக்கும் என்னைவிட ரெண்டு வயது கூட. அவை கதைக்கிறது எனக்கு விளங்கிறேல்லை. நான் மொக்கு எண்டு நினைக்கினம். நான் மொக்கு இல்லை அப்பா."

"ஆர் உன்னை மொக்கு எண்டது?"

"அக்கா இருந்தா அவ தன்ர வகுப்பில வடிவாப் படிச்சிருப்பா. அவவின்ர வகுப்பில இருந்து படிக்க என்னால ஏலாது. எனக்கு என்ர வகுப்பு வேணும்."

அருள் எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர் திறந்து ஓடுகிற சத்தம் கனநேரம் கேட்டது. ஸ்டெல்லா போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்து இருத்தினேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். மகளின் தலையில் ஈரக் கையை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அந்த லோயர் எந்தெந்த நாளில இருப்பா?"

மதாமிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கோட்டைக் கழற்றி மாட்டும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, "மூன்று கிழமை போதுமா?" என்றார். போதாது என்றேன். தலையாட்டினார். பள்ளி அதிபரிடம் போய், இந்தப் பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்கத் தனக்குப் போதிய விவரம் இல்லை, ஆனி வரைக்கும் வரவேற்பு வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார். அதிபருக்கு விருப்பமில்லை. சோதனையும் வயதும் இருக்க வேறென்ன விவரம் என்று கேட்டார். "தாய் இன்னும் யோசிக்கிறார். யோசிக்க அவருக்கு உரிமை உண்டு" என்றார் மதாம். தாளில் வகுப்பு எழுதும் பெட்டிக்குள் பென்சிலால் ‘காத்திருக்கிறது’ என்று எழுதினார்.

வைகாசியில் கோவில் கொப்பியின் பிரதிகள் வந்தன. ஒரே கையெழுத்தில் இரண்டு பக்கங்கள், ஒன்றில் றீற்றாவின் ஞானஸ்நானம், மற்றதில் ஜசிந்தாவின் அடக்கம். ஸ்டெல்லா இரண்டாவது பக்கத்தை வாசிக்கவில்லை. அருள்தான் வாசித்தார். வழக்கறிஞர் இரண்டையும் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதித் திருத்தம் கேட்டார். அவர் செய்த மற்ற விஷயங்களை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. எல்லோருக்கும் இப்படிச் சரிவரும் என்றும் எழுதமாட்டேன். சரிவராமல் போன குடும்பங்களையும் எனக்குத் தெரியும்.

விண்ணப்பம் போயிருக்கிறது என்ற வழக்கறிஞரின் கடிதத்தை ஸ்டெல்லா தானே கொண்டுவந்து மதாமிடம் கொடுத்தாள். மதாம் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். எழும்பி ஸ்டெல்லாவின் இரண்டு கையையும் பிடித்தார். நான் மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு நேரே அதிபரிடம் போனார்.

"இது உறுதியாகாவிட்டால்?" என்று அதிபர் கேட்டாராம்.

"அழித்துவிட்டு வேறு எழுதுவேன். பென்சில்தானே" என்றாராம்.

புரட்டாசியில் றீற்றா செகண்டரி இரண்டுக்குப் போனாள், வழமையான வகுப்புக்கு. முதல் கிழமை நான் சாப்பாட்டு அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், அது என் வேலையே இல்லை. தன் அளவு உயரமான இரண்டு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து, வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் காலே நிலத்தில் படவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முன் வந்த பெறுபேற்றில் கணிதத்தில் வகுப்பின் முதல் மூன்று பேருக்குள் நின்றாள். நாலாம் வருடத்தில் நானூற்று முப்பத்தாறாம் இலக்கக் கணிதத்தை அவளே தெரிவுசெய்தாள். இன்று குடிநீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். மதாம் ஜெர்வே ஓய்வு பெற்ற அன்று பூங்கொத்தோடு வந்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

திருத்திய பத்திரம் கைக்கு வந்தது அவள் செகண்டரி இரண்டில் இருந்த அந்த மாரியில். பெயர், பிறந்த திகதி, எல்லாம் அவளுடையவை. ஸ்டெல்லா அதை எடுத்துக்கொண்டு முதலில் பள்ளிக்கு வரவில்லை, தமிழ்ச் சுவாமியிடம் போனாள். மூத்த பிள்ளைக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்டாள். மொன்றியலுக்கு வந்த நாள் முதல் அவளால் அதைக் கேட்க முடிந்ததில்லை. ஊரறிய உயிரோடு பள்ளிக்குப் போகிற பெயருக்கு எப்படிப் பூசை கேட்பது?

அடுத்த ஞாயிறு நானும் அவர்களோடு ஒரே வாங்கில் இருந்தேன். முதலில் அருள், பிறகு ஸ்டெல்லா, றீற்றா, நான். சுவாமி பூசைக் கருத்தை வாசித்தார். "மேரி ஜசிந்தாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக..."

என் பக்கத்தில் றீற்றாவின் வலது கை மெல்ல மேலே போனது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துகிற பழக்கம். இரண்டு வருடத்துக்கு மேல் அந்தப் பெயருக்கு அவள்தானே கை உயர்த்தினாள். பாதியில் நினைவு வந்து, கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். ஸ்டெல்லா அந்தக் கையை எட்டிப் பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூசை முடியும்வரை விடவில்லை.